நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கு முதல் வேலை வாசிப்பு

கீரிமலையிலோ மாவிட்டபுரத்திலோ ஒரு பிள்ளை மூன்றாம் தரத்தை முடித்து நாலுக்கு ஏறிய கையோடு வீட்டில் எழும் கேள்வி, “ஸ்கொலஷிப்புக்கு எங்கை விடுறது?” என்பதுதான். பரீட்சை அடுத்த தரத்தில்தான் வரும். ஆனாலும் தெல்லிப்பழையிலோ சுன்னாகத்திலோ பெயர்போன ரியூட்டரி ஒன்றில் இடம்பிடித்து, நுண்ணறிவுப் பயிற்சிப் புத்தகம் வாங்கி, மாதிரி வினாத்தாள்களை அடுக்கி, நாலாம் ஆண்டை ஐந்தாம் ஆண்டின் முற்பகுதியாகவே ஆக்கிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிள்ளை புலமைப்பரிசில் எடுக்கட்டும், நல்லது. ஆனால் அந்தப் பரீட்சைக்கும், அதற்குப் பிறகு சாதாரண தரம் வரை வரப்போகும் ஆறு வருடப் படிப்புக்கும் தேவையான ஒரு வேலை நாலாம் ஆண்டில் நடந்தாக வேண்டும். வினாத்தாள்கள் முந்திக்கொண்டு வந்தால் அந்த வேலைக்கு நேரம் கிடைப்பதில்லை. வாசிப்பைத்தான் சொல்கிறேன்.

நமது கல்வித் திட்டமே இதற்கு இடம் விட்டுத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆரம்பக் கல்வி மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஒன்றாம் இரண்டாம் தரங்கள் ஒரு நிலை, மூன்றும் நாலும் அடுத்த நிலை, ஐந்தாம் தரம் தனியாக ஒரு நிலை. முதல் நிலையில் விளையாட்டுக்கு முதலிடம். இரண்டாவதில் விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையும் ஏறக்குறைய சம பங்கு. மூன்றாவதில் மேசை வேலை கூடுகிறது. அதாவது திட்டத்தின்படி நாலாம் தரம் மூன்றாம் தரத்தோடு சேர்ந்தது. அதைப் பிடித்து ஐந்தோடு ஒட்டவைத்தது நாங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையமும், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று நாடளாவிய ரீதியில் அளப்பதற்கு நாலாம் தரத்தையே தேர்ந்தெடுத்தது. 2003 இல் தொடங்கி 2015 வரை பல தடவை தாய்மொழி, கணிதம், ஆங்கிலம் மூன்றிலும் அது நடந்தது. அடிப்படைத் திறன்கள் இந்த வயதில் நிலைபெற்றிருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தெரிவிலேயே இருக்கிறது.

ஒன்பது வயதில் அப்படி என்னதான் மாறுகிறது? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாசிப்பை ஆராய்ந்த ஜீன் சால் 1983 இல் இதை விளக்கினார். முதல் மூன்று வகுப்பிலும் பிள்ளை வாசிக்கப் பழகுகிறது. நாலாம் வகுப்பிலிருந்து, வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்க வேண்டியிருக்கிறது. பின்னர் வறிய குடும்பத்துப் பிள்ளைகளை அவரும் சகாக்களும் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டாம் மூன்றாம் வகுப்புகளில் மற்றவர்களுக்குச் சமமாக நின்றவர்கள் நாலாம் வகுப்பையொட்டிச் சறுக்கத் தொடங்கியதைக் கண்டார்கள். முதலில் சறுக்கியது சொற்பொருள். அன்றாடப் பேச்சில் வராத, புத்தகத்தில் மட்டும் வரும் சொற்கள். வாசித்து விளங்குவது அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தது. ஆகவே பிள்ளை கடகடவென்று வாசிக்கிறது, தவணைப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்கிறது என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் வேளையிலேயே உள்ளே ஒரு குறை வளர்ந்துகொண்டிருக்கலாம். அமெரிக்க ஆய்வை அப்படியே கீரிமலைக்குப் பொருத்த முடியுமா என்று கேட்டால், அப்படியே முடியாது. நம் மொழியில் இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூட என்பதுதான் என் எண்ணம்.

தமிழில் 247 எழுத்து. பெங்களூருவைச் சேர்ந்த சோனாலி நாக் கன்னடம் கற்கும் பிள்ளைகளைப் பற்றி 2007 இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் எழுத்து முறையில் எழுத்துகளை முழுதாகக் கைவசப்படுத்துவது ஆங்கிலத்தைப் போல ஓரிரு வருடத்தில் முடிகிற காரியமல்ல, நாலாம் வகுப்பு வரையிலும் நீள்கிறது என்று காட்டியது. தமிழ் எழுத்தும் அதே குடும்பம். எனவே நாலாம் ஆண்டிலும் ஒரு பிள்ளை கொம்பையும் சுழியையும் தடுமாறி எழுதினால் அது மந்தமல்ல. பயிற்சி இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். இதற்கு மேல் நம் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள தூரம். “கிணத்திலை தண்ணி அள்ளிக்கொண்டு வா” என்று கேட்டு வளரும் பிள்ளை, சுற்றாடல் புத்தகத்தில் நிலத்தடி நீர் மாசடைவதைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். கிணறும் தெரியும், தண்ணீரும் தெரியும்; வசனம் பிடிபடாது. வீட்டில் ஒருவரும் அப்படிக் கதைப்பதில்லை. எழுத்துத் தமிழைக் காதால் கேட்டுப் பழகுவது ஒன்றே இதற்கு வழி. ஆகவே பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்துவிட்டது என்று பெரியவர்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்துவது தவறான நேரத்தில் கையை விடுவதாகும். நாலாம் ஆண்டில் அதைக் கூட்ட வேண்டும். தாய் ஒரு பந்தி, பிள்ளை ஒரு பந்தி என்று இரவில் கால் மணித்தியாலம் போதும். எது கிடைத்தாலும் சரி: பத்திரிகையின் சிறுவர் பக்கம், பிரதேச சபை நூலகத்துக் கதைப் புத்தகம், கோயில் மலர்.

பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்று அறியத் தவணைப் பரீட்சைப் புள்ளி போதாது. வகுப்பில் படித்த பாடத்தையே மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. இதுவரை பார்த்திராத ஒரு பந்தியை, அரைப் பக்கம் அளவில், சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, “என்ன எழுதியிருக்கு?” என்று கேளுங்கள். தன் சொந்தப் பேச்சில் சொன்னால் விளங்கியிருக்கிறது. புத்தகத்தின் வசனத்தையே திருப்பிச் சொன்னால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். வாசிக்கும்போது ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினால், விளக்கத்தை விட்டுவிட்டு அதே பந்தியை மூன்று நாள் திரும்ப வாசிக்க விடுங்கள். வேகம் வந்த பிறகுதான் மனம் பொருளின் பக்கம் திரும்பும். வரி மாறி வாசிக்கிற பிள்ளைக்கும், கரும்பலகையில் இருப்பதைப் பிழையாகக் கொப்பி பண்ணுகிற பிள்ளைக்கும் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும் தரங்களில் நாலாம் தரமும் ஒன்று. 200 மாணவருக்குக் குறைந்த சிறிய பாடசாலைகளில் எல்லாத் தரத்தவரையும் பார்ப்பார்கள். அன்றைக்குப் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள். கண் வைத்தியரிடம் காட்டும்படி துண்டு தந்தால் அது கொப்பிக்குள் கிடந்து மங்க விடாதீர்கள். மாதாந்த ரியூசன் காசைவிட ஒரு கண்ணாடி சில பிள்ளைகளுக்குக் கூட உதவும்.

கணிதத்தையும் இந்தக் கண்ணாலேயே பார்க்கிறேன். நாலாம் தரத்தில் வசனக் கணக்கு கனக்கத் தொடங்குகிறது. கூட்டத் தெரியும், பெருக்கத் தெரியும், ஆனால் கணக்கை வாசித்துவிட்டு “கூட்டுறதா, கழிக்கிறதா?” என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு இன்னொரு கணித வகுப்பால் பெரிய பயன் இல்லை. வாய்ப்பாடு மட்டும் விதிவிலக்கு. அது தடுமாறாமல் வர வேண்டும், அதற்குத் தினசரி ஐந்து நிமிடம் செலவழிப்பதில் தவறே இல்லை.

இனி எதிர்வாதம். இதில் வலுவானது ஒன்று இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. புலமைப்பரிசில் என்பது வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே ஏணி. அந்த ஏணியில் ஏற மற்றவர்கள் இரண்டு வருடம் பயிற்சி எடுக்கும்போது கீரிமலைப் பிள்ளையை மட்டும் கதைப்புத்தகம் வாசிக்கச் சொல்வது நியாயமா? வரலாறு இந்த வாதத்தின் பக்கம்தான். 1940களில் கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தத்தோடும் மத்திய பாடசாலைகளோடும் வளர்ந்தது இந்தத் திட்டம். கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையை நல்ல பாடசாலைக்குக் கொண்டுபோவதே நோக்கம். கீரிமலைக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். 1990 இல் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. இன்று ஒன்பது வயதுப் பிள்ளையின் பெற்றோராக இருப்பவர்களில் பலர் மல்லாகம், சுன்னாகம் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்தவர்கள். 2016 இல் நல்லிணக்கபுரம் வீட்டுத்திட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் அப்படி வந்தவையே. தங்களுக்குத் தவறிப்போன படிப்பு பிள்ளைக்காவது கிடைக்க வேண்டும் என்று அவர்கள் துடிப்பதைப் பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருபது கிலோமீட்டர் அளவு தள்ளியிருக்கும் யாழ் இந்துவும் வேம்படியும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது இயல்பு.

ஆனால் அந்த ஏணியின் படிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 ஆம் ஆண்டுப் பரீட்சைக்கு மூன்று லட்சத்து முப்பதாயிரம் அளவில் பிள்ளைகள் தோற்றினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஐம்பதாயிரத்துச் சொச்சம். ஆறு பேருக்கு ஒருவர் கூட இல்லை. தாண்டியவர்களிலும் உதவிப்பணம் குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு மட்டுமே. ஆக, வகுப்பில் உள்ள பெரும்பாலான பிள்ளைகள் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அதே பாடசாலையிலோ பக்கத்துப் பாடசாலையிலோதான் ஆறாம் தரத்துக்குப் போகப் போகிறார்கள். அங்கே வரலாறு, விஞ்ஞானம், புவியியல் என்று தடித்த புத்தகங்கள் காத்திருக்கும். அவர்களுக்கு இரண்டு வருட வினாத்தாள் பயிற்சி எதைக் கொடுத்தது? வாசிப்பு கைவந்த பிள்ளையோ, வெட்டுப்புள்ளி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எதையாவது கையில் கொண்டுதான் போகும்.

பரீட்சையை மட்டும் வைத்துப் பேசினாலும் என் வாதம் மாறாது. முதலாம் வினாத்தாளில் 40 வினா, ஒரு மணித்தியாலம். இரண்டாவதில் 60 வினா, ஒன்றேகால் மணித்தியாலம். மொத்தத்தில் ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடமும் இல்லை. அந்த நேரத்துக்குள் வினாவை வாசித்து, விளங்கி, விடை கண்டு, குறிக்க வேண்டும். மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு நுண்ணறிவு எவ்வளவு இருந்தாலும் நேரம் பத்தாது. வினாத்தாள் செய்து பழகுவதால் வேகம் வரும் என்பார்கள். வரும், வினா வகைகளோடு பழக்கமும் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் ஐந்தாம் தரத்தில் சில மாதங்களுக்குள் பிடிபட்டுவிடக்கூடியது. வாசிப்பு வேகமும் சொல்வளமும் மாதக்கணக்கில் வருபவை அல்ல. மெதுவாக வளர்வதை முதலிலும் சீக்கிரம் பிடிபடுவதைப் பிறகும் வைப்பதுதானே புத்தி?

வேறொரு தயக்கமும் உண்டு: “எங்களுக்கு அவ்வளவு படிப்பில்லை, நாங்கள் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?” சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, கேட்டால் போதும். பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து காது கொடுக்கும் அப்பம்மாவுக்கு எழுத்து தெரிய வேண்டும் என்று கூட இல்லை. கீரிமலையில் இதற்குக் கைக்கெட்டும் பொருள் ஏராளம். கடலுக்கு இத்தனை பக்கத்தில் கேணியில் மட்டும் எப்படி நல்ல தண்ணீர் ஊறுகிறது? வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கல்லின் துவாரங்கள் வழியே கடற்கரையை நோக்கி வருகிறது என்பது நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கு விளங்கக்கூடிய சங்கதி. அதே கல்லைத் தோண்டித்தான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இலிருந்து 1990 வரை ஓடியது. அங்கே வேலை செய்த தாத்தாமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வந்ததைப் பிள்ளை ஐந்து வரியில் எழுதட்டும். பேச்சில் கேட்டதை எழுத்துத் தமிழுக்கு மாற்றும் அந்த ஐந்து வரி எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத பயிற்சி. ஆடி அமாவாசைக்குக் கேணியடியில் கூடும் சனத்தைப் பற்றி எழுதச் சொன்னால் ஐந்து வரியில் நிற்காது என்பது வேறு விஷயம்.

சில வீடுகளில் ரியூசனைத் தவிர்க்க முடியாது. தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பின்னேரம் எங்கேயாவது விட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது வகுப்பைத் தெரிவு செய்யும்போது எத்தனை பேர் சித்தி என்ற பதாகையை விட்டுவிட்டு, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஒவ்வொருவரும் வாய் திறந்து வாசிக்க நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்பது பேர் ஒலிபெருக்கியில் கேட்கும் மண்டபத்தில் அது நடக்காது. வாரத்தில் இரண்டு பின்னேரம் பிள்ளை ஓடி விளையாடவும், ஞாயிறு அறநெறிக்கோ ஆலயத்துக்கோ போகவும் விட்டு மிச்ச நேரத்தைக் கணக்கிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு நித்திரைக்குப் போகாத பிள்ளை காலை முதற்பாடத்தில் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும், வகுப்பாசிரியரைக் கேட்டால் சொல்வார். அவரைத் தவணைக்கு ஒருமுறையாவது சந்தியுங்கள், “எத்தினையாம் பிள்ளை?” என்று கேட்பதை விட்டு, “வாசிப்பு எப்படி இருக்கு, எந்த இடத்தில் தடக்குப்படுது?” என்று கேளுங்கள்.

கடந்த கால வினாத்தாள்களை எப்போது எடுப்பது? நாலாம் தரத்து மூன்றாம் தவணை முடிந்த பிறகு கிழமைக்கு ஒன்று என்று தொடங்கினால் போதும், ஐந்தாம் தரத்தில் மெல்லக் கூட்டிக்கொள்ளலாம். அந்த நேரத்திலும் முன்பின் தெரியாத ஒரு பக்கத்தை வாசித்துவிட்டுத் தன் வாயால் சொல்ல முடியாமல் நிற்கும் பிள்ளைக்கு, வினாத்தாளை இன்னும் ஒரு தவணை தள்ளிப்போட்டு, அந்த நேரத்தையும் வாசிப்புக்கே கொடுத்துவிடுங்கள்.