தாத்தாவின் மஞ்சள் தஸ்பீஹ்: அம்பரா, பேக்லைட்டா?

ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து, ஆலங்காயம் பக்கத்து வாசகர் ஒருவர் போன மாதம் இறைநாமம் எண்ணும் தஸ்பீஹ் மணிமாலை ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். 33 மணிகள், இடையில் இரண்டு தட்டை மணிகள், தலையில் நீளமான இமாம் மணி, நிறம் மங்கிய பட்டுக் குஞ்சம். மணிகள் மலைத்தேன் நிறத்தில் இருந்தன. வெயிலில் பிடித்தால் ஓரம் சிவந்து தெரிந்தது. தாத்தா கப்பலில் ஹஜ் போய்த் திரும்பும்போது ஜெத்தாவில் வாங்கியது என்றார். (பம்பாயிலிருந்து ஜெத்தாவுக்கு ஹஜ் கப்பல் 1995 வரை ஓடியது. பாலாற்றங்கரை ஊர்களில் இப்படி வந்த தஸ்பீஹ் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் இருக்கிறது.)

முதலில் பார்த்த வியாபாரி "வெறும் பிளாஸ்டிக், 500 ரூபாய் தருகிறேன்" என்றாராம். இரண்டாமவர் "அசல் அம்பரா என்று பார்த்துவிடலாம்" என்று ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு மணியில் வைத்துவிட்டார். துளைக்குப் பக்கத்தில் கடுகளவு கருத்த புள்ளி. அதை இனி யாராலும் எடுக்க முடியாது. அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

பேரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. அத்தர் கடையில் கேட்கும் அம்பர் திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் வாசனைப் பொருள். மணி செய்கிற அம்பர் வேறு. அது கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் மரத்திலிருந்து வடிந்து மண்ணில் புதைந்து இறுகிய பிசின். பாரசீகத்தில் இதற்கு கஹ்ருபா என்று பெயர், வைக்கோலைப் பறிப்பது என்று பொருள். தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பதால் வந்த பெயர். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு 'கஹ்ரபா' என்றால் கரண்ட் என்று தெரியும். இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் காகிதத் துணுக்கை இழுத்துக் காட்டி "அசல்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். தலை சீவிய பிளாஸ்டிக் சீப்பும் அதைச் செய்யும்.

இனி பேக்லைட். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லேண்ட், மின் கம்பிகளுக்கு உறையாகப் பூச நம் நாட்டு அரக்குக்கு ஒரு மாற்றுத் தேடிப் போய், பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து 1907-ல் கண்டுபிடித்தது. பழைய வீடுகளின் கறுப்பு உருண்டை சுவிட்ச் இதுதான். மணி செய்தது இதன் தம்பி முறை: மரத்தூள் கலக்காமல் அச்சில் ஊற்றி, நாள் கணக்கில் சூட்டில் இறுக வைத்து, கட்டியாகவோ குச்சியாகவோ எடுத்துக் கடைசலில் கடைந்தார்கள். 1920-களின் கடைசியில் பெருகியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவு பிளாஸ்டிக் வந்ததும் சரிந்தது. இந்த வகையில் செர்ரிச் சிவப்பான பழைய சரக்கைத்தான் மணி சேகரிப்பவர்கள் ஃபாதூரான் என்கிறார்கள். அம்பர் தூளில் செய்தது என்று கதை கட்டுவார்கள். சோதனைக்குப் போன மணிகள் பெரும்பாலும் பீனால் பிசினாகவே இருந்திருக்கின்றன. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை. அதைத் தேடி வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கிலிருந்து தொடங்குங்கள். முதலில் உங்கள் மூக்குக்குப் பாடம் வேண்டும். உடைந்த கறுப்பு சுவிட்ச் ஒன்றைத் தேடி எடுத்துக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். பழைய லைஃப்பாய் சோப்பின் நெடி, ஆஸ்பத்திரி வராந்தாவின் நெடி வரும். அதுதான் பீனால். பிறகு மணியைத் தேய்த்துப் பாருங்கள். நம் வீடுகளில் தஸ்பீஹை அத்தரும் ஜவ்வாதும் பூசி வைக்கிற பழக்கம் இருப்பதால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். அம்பராக இருந்தால் குங்கிலியப் புகையை நினைவுபடுத்தும் மெல்லிய வாசனை வரும். கற்பூரம் மணத்தால் செல்லுலாய்டு. அது சட்டென்று தீப்பிடிக்கும், நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஆனால் மூக்கு ஏமாறும். தராசு ஏமாறாது, நான் அதைத்தான் நம்புகிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். குஞ்சத்தையும், வெள்ளிப் பூண் இருந்தால் அதையும் கழற்றி, மணிகளை மட்டும் மெல்லிய நைலான் இழையில் கோத்து எடை பாருங்கள். அடுத்து, தண்ணீருள்ள டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மணிச்சரம் முழுக்க முங்கும்படி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் கையால் தொங்க விடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் மணிகளின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுங்கள். ஆலங்காயத்து மணிகள் 39 கிராம். தண்ணீரில் தராசு காட்டியது 30. வகுத்தால் 1.30. பேக்லைட் குடும்பம் 1.25-க்கும் 1.35-க்கும் இடையில் நிற்கும். அம்பர் 1.05 முதல் 1.10 வரைதான். மணிகளில் காற்றுக் குமிழி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கணக்கே மாறிவிடும்.

தராசு இல்லையா? கால் லிட்டர் தண்ணீரில் 90 கிராம் உப்பைக் கரையுங்கள். அடியில் கொஞ்சம் கரையாமல் தங்க வேண்டும். அம்பர் மிதக்கும், பேக்லைட் மூழ்கும். மிதந்ததெல்லாம் அம்பர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; கோபல் என்ற இளம் பிசினும் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே மிதக்கும். பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் அம்பர் நீலம் கலந்து ஒளிரும், பேக்லைட் பெரும்பாலும் மங்கியே கிடக்கும். லட்சக்கணக்கில் பேரம் நடக்கிறதென்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை கேளுங்கள். மணிக்குச் சேதமில்லாமல் முடிவு கிடைக்கும்.

பொருள் பேக்லைட் என்று தெரிந்த பிறகு, பழையதா என்ற கேள்வி வரும். பீனால் பிசின் இன்றும் வார்க்கப்படுகிறது. சாயம் ஏற்றிய புதுச் சரக்குப் பழசு என்ற பெயரில் விலை போகிறது. இங்கே துளையைப் பாருங்கள். நான் பூதக்கண்ணாடியில் முதலில் பார்ப்பது அதைத்தான். பல்லாண்டு நூல் ஓடிய துளையின் வாய் மழுங்கி, ஒரு பக்கம் லேசாக நீண்டிருக்கும். பக்கத்து மணி உரசி உரசி வாயைச் சுற்றிச் சின்னத் தட்டை விழுந்திருக்கும். புது மணியில் வாய் கூர்மையாக, எல்லா மணியிலும் ஒரே மாதிரி இருக்கும். அடுத்தது நிறம். காற்றும் வெளிச்சமும் பட்டு மேல்தோல் தேனாகவோ துருவாகவோ கருக்கும், துளையின் உள்ளே பழைய வெளிர் நிறம் மிஞ்சியிருக்கும். செல்போன் டார்ச்சை மணிக்குப் பின்னால் பிடித்தால் டீயில் பால் விட்டதும் தெரிவது போன்ற ஓட்டங்கள் தெரியும். நடுவில் அச்சுக் கோடு தெரிந்தால் அது கடைந்த மணி அல்ல, அச்சில் அழுத்திய பிளாஸ்டிக்.

அந்தக் கருத்த மேல்தோல்தான் மணியின் வயது. பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போட்டால் அது போய்விடும், விலையும் சேர்ந்து போய்விடும். சிமிக்ரோம் என்ற உலோகப் பாலிஷைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பஞ்சு மஞ்சளாகிறதா என்று பார்ப்பது வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் வழக்கம். அந்த மஞ்சள் மேல்தோலிலிருந்து வருவதுதான். செய்தே ஆக வேண்டுமானால் துளையின் ஓரத்தில் ஒரே ஒரு தடவை போதும். அரம், உப்புத்தாள் எதுவும் வேண்டாம், அந்தத் தூள் மூச்சுக்குக் கெடுதல். காய்ச்சிய ஊசி வேண்டவே வேண்டாம். பேக்லைட் உருகாது, கருகி நாறும். அதே விடையைத் தராசு சேதமில்லாமல் சொல்கிறது.

ஆலங்காயத்துத் தஸ்பீஹ் அம்பர் அல்ல. கடைந்து செய்த பழைய பேக்லைட். துளை தேய்மானமும் நிறமும் அதைத்தான் சொல்கின்றன. பருத்தி நூல் இற்றுப் போயிருந்ததால் புதுப் பட்டு நூலில் கோத்துக் கொடுத்தேன். சூடுபட்ட மணியை மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, தாத்தா விரல் பட்ட மணி, இருக்கட்டும் என்றார் அவர். விற்கிற எண்ணமும் அவருக்கு இப்போது இல்லை. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், யாரிடமும் காட்டுவதற்கு முன் இரண்டு எடைகளையும் ஒரு தாளில் எழுதி மணியோடு வைத்துவிடுங்கள். ஊசியும் நெருப்புப் பெட்டியுமாக வருகிறவர் கையில் மட்டும் மணியைக் கொடுக்காதீர்கள்.