பில் பாஸ் ஆகாவிட்டாலும் கூலி கூலிதான்

கட்டட வேலைக்குப் போய்க் கூலி பாக்கி விழாத ஆள் எங்கள் பக்கத்தில் அநேகமாக இல்லை. ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடவும் அறுப்பும் ஓய்ந்துவிட்டால் ஆணும் பெண்ணுமாகச் சிதம்பரம், விருத்தாசலம், கடலூர் என்று பஸ் ஏறிவிடுகிறோம். நான் கொத்தனார். என் மனைவி சித்தாள். சிதம்பரம் பக்கம் ஓர் அரசுக் கட்டடத்தில், பதிவு பெற்ற காண்ட்ராக்டர் ஒருவரிடம், எங்கள் ஊர் மேஸ்திரி மூலமாகக் குழுவாக வேலை செய்தோம். சனிக்கிழமைகளில் செலவுக் காசு மட்டும் கொடுப்பார்கள். மீதி, வேலை முடிந்ததும் மொத்தமாக என்று பேச்சு. ரூஃப் போட்டு, பூச்சு முடிந்து, பெயின்ட் அடிக்கிறவர்கள் வந்த பிறகும் மீதி வரவில்லை. "பில் பாஸ் ஆகலப்பா" என்றார் காண்ட்ராக்டர். பொங்கலுக்குத் தருகிறேன் என்றார். பிறகு மாசிமகத்துக்கு என்றார். மாசிமகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி கிள்ளைக்கு எழுந்தருளித் திரும்பியும் காசு வரவில்லை.

அந்தப் பணத்தை முறைப்படி மனுக் கொடுத்து வாங்கினோம். சைட்டில் போய்ச் சத்தம் போட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிடாமல் விடுவார்கள், அவ்வளவுதான். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்த வழியில் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆள் கணக்கு நோட்டு

எங்கள் குழுவுக்குப் பெரிய துணையாக இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதை எழுதியது என் மனைவி. தேதி, யார் யார் வந்தார்கள், என்ன வேலை, முழு ஆளா அரை ஆளா, அன்று கைக்கு வந்தது எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் எழுதுவாள். தொழிலாளர் துறை அதிகாரி, "உங்க கணக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டபோது அவள் ரூஃப் கான்கிரீட் போட்ட நாளின் பக்கத்தைத் திருப்பினாள். இரவு வரை கலவை தூக்கியதால் சித்தாள்கள் எல்லோருக்கும் ஒன்றரை ஆள் என்று எழுதியிருந்தது. காண்ட்ராக்டர் தரப்பில் அந்த நாளுக்கு ஒரு தாளும் இல்லை.

பெண்களின் கூலியைப் புருஷன் பெயரில் சேர்த்து எழுதுகிற பழக்கம் பல சைட்டுகளில் உண்டு. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அவரவர் பெயர், அவரவர் கணக்கு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஜிபேயில் வந்த செலவுக் காசின் விவரம், மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு எல்லாம் சாட்சிதான். போன் மாற்றும்போது அழித்துவிட வேண்டாம்.

பலகையைப் போட்டோ எடுங்கள்

அரசு வேலை நடக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு பலகை வைத்திருப்பார்கள். எந்தத் துறை, என்ன வேலை, மதிப்பீடு எவ்வளவு, காண்ட்ராக்டர் யார் என்பது அதில் இருக்கும். வேலைக்குப் போன முதல் நாளே அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பலகை போய்விடும். மேஸ்திரிக்குக்கூட காண்ட்ராக்டரின் முழுப் பெயரும் முகவரியும் தெரியாமல் இருக்கலாம்.

காண்ட்ராக்டர் பதிவு பெற்றவராக இருப்பது நமக்கு நல்லது. துறையில் அவருக்கு வைப்புத்தொகை இருக்கும், வர வேண்டிய பில் இருக்கும், அடுத்த டெண்டருக்குக் காப்பாற்ற வேண்டிய பெயரும் இருக்கும். காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால், வேலையைக் கொடுத்த முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும், பிறகு அதைக் காண்ட்ராக்டர் கணக்கில் பிடித்துக்கொள்ளலாம் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இப்போது வந்திருக்கும் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. அதனால் மனுவின் ஒரு நகல் அந்தத் துறையின் செயற்பொறியாளருக்கும் போக வேண்டும்.

தனியார் வீட்டு வேலை என்றால், வீட்டுக்காரர் கடைசித் தவணையைக் கொடுத்து முடிப்பதற்குள் பாக்கி விவரத்தை அவருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்

"நான் மேஸ்திரிகிட்ட குடுத்துட்டேன்" என்று காண்ட்ராக்டர் சொல்வார். உடனே ஊருக்குள் பங்காளிச் சண்டை தொடங்கிவிடும். எங்கள் மேஸ்திரி எனக்குப் பங்காளி முறை. அவருக்கும் பாக்கி நின்றது. அவரையும் மனுவில் சேர்த்தோம். அவர் பக்கம் இருந்த வரவுக் கணக்கு எங்கள் நோட்டோடு பொருந்தியது, மனு அதனால் பலப்பட்டது.

காண்ட்ராக்டருக்கும் ஆளுக்கும் நடுவில் கூலி நின்றுபோவது புதிதல்ல. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டடங்களில், நாளுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலியில், ஆள் கூட்டி வந்த ஜமாதார்கள் ஒரு ரூபாயைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டார்கள். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி அமர்வு தீர்ப்பளித்தது. வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்டுவிட்டோம் என்று அரசு கைகழுவ முடியாது என்றும் சொன்னது.

பில் பாஸ் ஆனதா என்று நாமே கேட்கலாம்

எங்களுக்கு மிகவும் உதவியது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் போதும். இந்த வேலைக்கு இதுவரை எத்தனை பில், எந்தத் தேதியில், எவ்வளவு பணம் வழங்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எங்களுக்கு வந்த பதிலில், "பில் பாஸ் ஆகல" என்று காண்ட்ராக்டர் சொல்லிக்கொண்டிருந்த மாதங்களிலேயே பணம் போயிருந்தது தெரிந்தது. அந்தத் தாளைப் பார்த்த பிறகு அவர் பேச்சு மாறியது.

பில் உண்மையிலேயே நின்றிருந்தாலும் கூலிக்கு அது காரணம் ஆகாது. வாரக் கூலியை வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

மனு எங்கே?

போலீஸ் ஸ்டேஷனில் பெரும்பாலும் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். 1994-இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டை விபத்து உதவிக்கும் கல்வி உதவிக்கும் பயன்படும். ஆனால் கூலி பாக்கியை வாரியம் வசூலித்துத் தராது. போக வேண்டிய இடம் கடலூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் மனு அங்கேதான் வரும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பழைய சட்டங்களில் குறைந்தபட்சக் கூலிக்கு 6 மாதம், மற்றக் கூலி பாக்கிக்கு 12 மாதம்தான் மனுக் கொடுக்கக் கெடு இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதை 3 ஆண்டாக்கியிருக்கிறது. கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் வேலை கொடுத்தவருடையது. பாக்கியோடு அதன் 10 மடங்கு வரை இழப்பீடு கொடுக்க உத்தரவிடவும் இடம் உண்டு. குழுவாகச் சேர்ந்து ஒரே மனு கொடுக்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சிதம்பரம் கோர்ட்டில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். உதவி எண் 15100.

கையெழுத்துக்கு முன்

சமரசம் பேச வரும்போது, "பாதி வாங்கிக்கிட்டு முடிச்சுக்குங்க" என்பார்கள். வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். பாதியை வாங்குவதில் தப்பில்லை. ரசீதில் "பகுதித் தொகை, பாக்கி இவ்வளவு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். செக் கொடுத்து அது திரும்பினால், பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எங்களுக்கு இரண்டு தவணையாகப் பணம் வந்தது. இரண்டு முறையும் பேங்க் கணக்கில்தான் போடச் சொன்னோம்.

அடுத்த சைட்டுக்குக் கிளம்புமுன் நாள் கூலி எவ்வளவு, எந்தக் கிழமை பட்டுவாடா என்பதை மேஸ்திரியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் எழுதத் தெரிந்த ஒருவர் கையில் நோட்டைக் கொடுங்கள். பாக்கி இரண்டு வாரத்தைத் தாண்டினால் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். பில் என்பது காண்ட்ராக்டருக்கும் துறைக்கும் இடையே உள்ள கணக்கு. கட்டி முடித்த சுவருக்கு நாம் கேட்கும் கூலி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.