படை விமானம் பயணிகள் விமானமானது: எயார் சிலோனின் டக்கோட்டாக்கள்

இரண்டாம் உலகப் போரின் விளைவுகள் பற்றிக் கேட்டால், மாணவர்கள் பெரும்பாலும் ஐக்கிய நாடுகள் சபையின் தோற்றம், அணுகுண்டு, குடியேற்ற நாடுகளின் விடுதலை ஆகியவற்றை எழுதிவிட்டு நிறுத்தி விடுகின்றனர். போக்குவரத்தில் ஏற்பட்ட மாற்றத்தை எழுதுவோர் குறைவு. ஆனால் அதற்கான சிறந்த உதாரணம் பண்டத்தரிப்பிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரத்தில், பலாலியில் இருக்கிறது. இப்பாடத்தை வரலாற்றுக்கும் புவியியலுக்கும் பொதுவாகப் படித்துக் கொள்ளுங்கள்.

டக்கோட்டா என்றால் என்ன?

அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் தயாரித்த டீசீ-3 என்னும் பயணிகள் விமானம் முதன்முதலாக 1935 டிசெம்பர் 17 இல் பறந்தது. போர் தொடங்கியதும் இதே விமானம் படைத்தேவைக்கு ஏற்ப மாற்றப்பட்டு, சீ-47 என்ற பெயரில் பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்டது. பயணிகளுக்கெனக் கட்டப்பட்டவை சுமார் 600. படைகளுக்கெனக் கட்டப்பட்டவை 10,000 இற்கும் அதிகம். இந்த இரண்டு எண்களையும் ஞாபகத்தில் வைத்திருங்கள்; பின்னர் நடந்தவை அனைத்தும் இவற்றிலிருந்தே விளங்கும். பிரித்தானிய விமானப்படை இவ்விமானத்துக்கு இட்ட பெயரே டக்கோட்டா.

இதனைப் "போர்விமானம்" என்று எழுதுவது பிழை. இது குண்டு போடும் விமானமுமன்று, சண்டை விமானமுமன்று. படையினரையும் பொருள்களையும் ஏற்றி இறக்கும் படைப் போக்குவரத்து விமானம். தலா 1,200 குதிரைவலுக் கொண்ட இரண்டு எஞ்சின்கள், 29 மீற்றர் அகலச் சிறகு, 28 படையினருக்கு இடம். 1944 யூன் 6 இல் நோர்மண்டித் தரையிறக்கத்தின்போது பரசூட் படையினரை ஏற்றிச் சென்றதும், இந்தியாவிலிருந்து இமயமலைக்கு மேலாகச் சீனாவுக்குப் பொருள் கொண்டு சென்றதும் இவ்வகை விமானங்களே.

போர் முடிந்த பின்

1945 இல் போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான டக்கோட்டாக்கள் வேலையின்றி நின்றன. புதிய விமானமொன்றின் விலையிற் சிறு பகுதிக்கே அவை விற்கப்பட்டன. விமானம் மட்டுமன்றி, அதை ஓட்டத் தெரிந்த விமானிகளும் திருத்தத் தெரிந்த தொழிலாளரும் படையிலிருந்து விலகி வேலை தேடிக் கொண்டிருந்தனர். பணவசதி குறைந்த நாடுகளும் சொந்த விமான சேவையைத் தொடங்க முடிந்ததற்கு இந்த இரண்டுமே காரணம். வினாத்தாளில் விலையை மட்டும் எழுதுவோர் பாதிப் புள்ளிக்குரிய விடையையே எழுதுகின்றனர்.

வாங்கிய விமானத்தை அப்படியே பறக்கவிட முடியாது. சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருந்த நீண்ட உலோக வாங்குகளைக் கழற்ற வேண்டும். ஜீப் ஏற்றுவதற்கென வைத்த அகன்ற இரட்டைக் கதவைப் பயணிகளுக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். பரசூட் கயிறு கொழுவும் கம்பியை அகற்றி, இரைச்சலைக் குறைக்கச் சுவருக்கு உள்உறை போட்டு, 21 முதல் 28 வரையான இருக்கைகளை வரிசையாகப் பொருத்த வேண்டும். எஞ்சின்களைப் பிரித்துச் சோதித்துப் பூட்ட வேண்டும். இந்தியாவில் இவ்வேலையைச் செய்த இடங்களுள் பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை முக்கியமானது.

பட்டறை வேலையைவிடச் சட்ட வேலையே இங்கு முதன்மையானது. படை விமானத்துக்குப் படை இலக்கம் மட்டுமே உண்டு. குடிசார் விமானமோ ஒரு நாட்டின் பதிவேட்டில் பதியப்பட்டு, பறப்பதற்குத் தகுதியானது என்ற சான்றிதழும் பெறவேண்டும். இவ்விதிகளுக்கு அடிப்படையானது 1944 டிசெம்பர் 7 இன் சிக்காக்கோ உடன்படிக்கை. இலங்கை விமானங்கள் முதலில் 'வீபீ-சீ' என்ற பிரித்தானியக் குடியேற்ற நாட்டு எழுத்துகளைத் தாங்கின. சுதந்திரத்தின் பின் '4ஆர்' என்ற சொந்த அடையாளம் கிடைத்தது. இன்றும் அதுவே எமது நாட்டின் குறி.

இரத்மலானை – பலாலி – சென்னை

அப்போதைய போக்குவரத்து அமைச்சர் சேர் ஜோன் கொத்தலாவலையின் முயற்சியால் எயார் சிலோன் தொடங்கப்பட்டது. அதன் முதற்பறப்பு 1947 டிசெம்பர் 10 இல் நடந்தது. சுதந்திர தினத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். 'சீதா தேவி' எனப் பெயரிட்ட டக்கோட்டா இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை விமான நிலையம் என அப்போது அழைக்கப்பட்ட பலாலியில் தரித்து, சென்னை சென்றடைந்தது. ஆகவே நாட்டின் முதலாவது தேசிய விமான சேவை முதன்முதலாக இறங்கிய இடம் யாழ்ப்பாணம்.

தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று இடங்களும் ஏறத்தாழ 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டியே உள்ளன. இரத்மலானையிலிருந்து பலாலி சுமார் 330 கிலோமீற்றர்; பலாலியிலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர். மணிக்கு 260 கிலோமீற்றர் வேகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத் தேவை. எரிபொருள் நிரப்பத்தான் இங்கு நின்றது எனச் சிலர் எழுதுவர். 2,000 கிலோமீற்றருக்கு மேல் பறக்கக்கூடிய விமானத்துக்கு அது அவசியமில்லை. படிப்பு, வியாபாரம், வைத்தியம், யாத்திரை என்று தமிழகத்தோடு யாழ்ப்பாணத்தாருக்கு இருந்த தொடர்பே பொருத்தமான காரணம்.

மற்றைய இரு விமானங்களின் பெயர்கள் 'விகாரமகா தேவி', 'சுனேத்ரா தேவி'. முன்னையவர் துட்டகைமுனுவின் தாய். பின்னையவர் ஆறாம் பராக்கிரமபாகுவின் தாய். அந்த மன்னன் காலத்திலேதான் செண்பகப் பெருமாள் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினான் என்பது உங்களுக்குத் தெரியும். 'யாழ்தேவி' புகையிரதம் ஓடத் தொடங்கியது 1956 இல். தேவி என்ற பெயரில் விமானமே முந்திக் கொண்டது!

டக்கோட்டாப் பயணம் இன்றையதைப் போன்றதன்று. வாற்சில்லுள்ள விமானமாதலால் தரையில் நிற்கும்போது முன்பக்கம் உயர்ந்திருக்கும். இருக்கைக்குப் போக ஏற்றத்தில் நடக்க வேண்டும். உள்ளே அமுக்கம் கட்டுப்படுத்தப்படாததால் சுமார் 10,000 அடிக்கு மேலே பறப்பதில்லை. எனவே மழைமேகங்களைத் தாண்டி மேலே செல்ல இயலாது. மாரிகாலத்தில் நன்றாகக் குலுங்கும்.

ஆயினும் அதன் நீண்ட ஆயுளுக்கு அந்தக் குறையே ஒரு காரணமாயிற்று. அமுக்கக் கட்டுப்பாடுள்ள விமானத்தின் உடல் ஒவ்வொரு பறப்பிலும் சற்று விரிந்து சுருங்கும். நாளடைவில் உலோகம் களைத்து வெடிக்கும். 1954 இல் இரண்டு கொமெற் ஜெற் விமானங்கள் வானில் உடைந்தது இதனால்தான். டக்கோட்டாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்களூரில் ஒஸ்ரின் ஏ40 கார்கள், பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடியதை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். எளிய அமைப்பு, கையாற் செய்யக்கூடிய திருத்தம், மாற்றிப் போடக்கூடிய உதிரிப்பாகம் என்பன இருந்தால் யந்திரம் நீண்டநாள் ஓடும். ஆனால் விபத்துக்கு விதிவிலக்கில்லை: எயார் சிலோனின் ஒரு டக்கோட்டா 1949 டிசெம்பரில் திருச்சிராப்பள்ளியில் திருத்த முடியாதவாறு சேதமடைந்தது. பயணிகள் உயிர் தப்பினர்.

1949 இல் அவுஸ்திரேலிய நிறுவனமொன்றுடன் கூட்டுச் சேர்ந்து இலண்டனுக்கும் சிட்னிக்கும் சேவை தொடங்கியபோது பயன்படுத்திய ஸ்கைமாஸ்ரர் விமானமும் போர்க்காலத்திற் படைப்போக்குவரத்துக்கு உழைத்த வகையே. 1964 இல் அவ்ரோ விமானம் வந்து, டக்கோட்டாவின் இடத்தைப் படிப்படியாக எடுத்துக்கொண்டது. 1979 இல் எயார் லங்கா தோன்றியது. இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்றும் ஒரு டக்கோட்டாவைக் காணலாம்.

மறுதிசை மாற்றம்

படையிலிருந்து குடிசார் சேவைக்கு வந்தவை திரும்பிப் போவதும் உண்டு. சீதா தேவி பறப்பதற்கு ஆறு கிழமைகளுக்கு முன், 1947 ஒக்ரோபர் 27 இல், தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் படையினரைக் கொண்டுசெல்ல இந்திய அரசு விமானப்படையின் டக்கோட்டாக்களோடு தனியார் நிறுவனங்களின் டக்கோட்டாக்களையும் எடுத்துக் கொண்டது.

பலாலி ஓடுபாதையின் கதையும் இதை ஒத்ததே. போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 இல் பொதுமக்கள் பயன்படுத்தினர். உள்நாட்டுப் போரில் மீண்டும் படைத்தளமாயிற்று. 1990 இல் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய காணிகளிற் பல பின்னர் விடுவிக்கப்பட்டன, எல்லாம் விடுவிக்கப்படவில்லை. 2019 ஒக்ரோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நோய்த்தொற்றால் 2020 இல் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. விமானம் மாறினால் இருக்கையை மாற்றினாற் போதும். ஓடுபாதை மாறும்போது அதைச் சூழ்ந்த வீடு, தோட்டம், பாடசாலை எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன. "2019 இல் பலாலி விமான நிலையம் கட்டப்பட்டது" என எழுத வேண்டாம். திறக்கப்பட்டது என்பதே சரி.

பயிற்சி வினாக்கள்

1. படைப் போக்குவரத்து விமானத்தைக் குடிசார் விமானமாக்கும்போது செய்யவேண்டிய இரண்டு பொறியியல் மாற்றங்களையும் ஒரு சட்ட நடவடிக்கையையும் குறிப்பிடுக.

2. 1945 இன் பின் புதிய நாடுகள் விமான சேவை தொடங்குவது இலகுவானது ஏன்? (விலை, ஆளணி ஆகிய இரண்டையும் விளக்குக.)

3. இரத்மலானை, பலாலி, சென்னை ஆகியவற்றைத் தேசப்படத்திற் குறித்து, முதற்பறப்பின் பாதையை வரைக. பலாலியிற் தரித்தமைக்கான காரணத்தை உமது சொற்களில் எழுதுக.

4. உமது ஊரிலுள்ள வயது முதிர்ந்தவர் ஒருவரிடம் பழைய பலாலி–சென்னை விமானப் பயணம் பற்றிக் கேட்டு 10 வரிகளில் எழுதுக. அவர் கூறிய ஆண்டை இப்பாடத்திலுள்ள ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.