ஏலக்காய் சோப்பு கட்டுப்படியாகுமா?

தேனி மாவட்டத்து ஏலக்காய்ச் சந்தை ஊரான போடியில் சோப்பு போடப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர் எல்லோரும் "ஏலக்காய் சோப்பா?" என்பார்கள். முதலில் அந்தக் கணக்கை முடித்துவிடுவோம். ஏலத்தில் கிலோ 2,000 ரூபாய்க்குக் காய் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வடித்தால் ஏறக்குறைய 50, 60 மில்லி தைலம் வரும். ஒரு கிலோ எண்ணெயில் சுமார் 12 சோப்பு வரும். அதற்கு மணம் தெரிய 25 மில்லியாவது ஊற்ற வேண்டும். ஆக, சோப்பு ஒன்றுக்கு மணச் செலவு மட்டுமே 70 ரூபாயைத் தொடுகிறது. வடிக்கும் கூலியை இன்னும் சேர்க்கவில்லை. காயைப் பொடித்துப் போட்டால் பழுப்பேறும், உடம்பில் உரசும், மணமும் நிற்காது. செயற்கை வாசனை சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் உறையில் அதை ஒளிக்காதீர்கள்.

போடிக்காரருக்கு உண்மையான வசதிகள் வேறு. பள்ளத்தாக்கு முழுக்கத் தென்னை. மலைக்கு மேலே காப்பி. வடிகட்டி எஞ்சும் காப்பித் தூள் தேய்ப்பு சோப்புக்கு நல்ல சரக்கு, அதுவும் காசில்லாமல் கிடைக்கும். இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊர் இது. இலவம் விதை எண்ணெயிலும் சோப்பு செய்யலாம் என்பதை ஏனோ இங்கே யாரும் பேசுவதில்லை.

தொடங்க எளிய அளவு ஒன்று: தேங்காய் எண்ணெய் 500 கிராம், கடலை எண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100. இந்த மூன்றும் முழுதாகச் சோப்பாக மாறச் சுமார் 159 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நாம் 150 கிராம்தான் போடுகிறோம். மாறாமல் எஞ்சும் அந்தக் கொஞ்ச எண்ணெய்தான் தோலை வறட்டாமல் காக்கும். தண்ணீர் 300 கிராம். போர் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். எல்லாமே எடைக்கணக்குதான், டம்ளர் கணக்கு இங்கே உதவாது. எண்ணெயை மாற்றினால் சோடாவின் அளவும் மாறும்: தேங்காய் எண்ணெய்க்குக் கிலோவுக்கு 183 கிராம், விளக்கெண்ணெய்க்கு 128. இது தெரியாமல் ஒருவர் சொன்ன அளவை இன்னோர் எண்ணெய்க்குப் போடுவதில்தான் கை எரியும் சோப்பு பிறக்கிறது.

சோடாவைத் தண்ணீரில் கொட்ட வேண்டும். தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் சரி. அலுமினியம் கூடவே கூடாது. சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியபின் கலந்து, தளர்ந்த இட்லி மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றலாம். மறுநாள் வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் காய விடவேண்டும்.

இப்படிக் காய வைப்பதை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவத்தில் மலை மேல் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் நனைந்து கிடக்கும். கீழே போடியில் வறண்ட காற்று வீசும். மலை ஈரத்தில் சோப்பு வியர்த்துப் பிசுபிசுக்கும். உறையில் அச்சடிக்கும் எடையும் காய்ந்தபின் நிறுத்த எடையாக இருக்கட்டும். ஈரத்தில் 120 கிராம் இருந்தது நாளாக நாளாகக் குறையும்.

இனி உரிமம். பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பதற்குச் செய்தால், 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். கடையில் வாங்கிய சோப் பேஸை உருக்கி ஊற்றினாலும் விலக்கு கிடையாது. சமையலறையைக் காட்டி உரிமம் வாங்க முடியாது, தனியிடம் வேண்டும். வேதியியலோடு பிளஸ் டூ முடித்தவரோ பார்மசி டிப்ளமோ படித்தவரோ பொறுப்பில் இருக்க வேண்டும். இது மலைப்பாக இருந்தால், உரிமம் உள்ள ஆலையில் உங்கள் செய்முறைப்படி செய்து வாங்கும் வழியும் விதியில் உண்டு.

வீட்டிலிருந்து வளர்ந்ததற்கு எல்லோரும் மெடிமிக்ஸைக் காட்டுவார்கள். 1969-இல் சென்னையில் ரயில்வே மருத்துவரான வி.பி.சித்தன் தோல் நோயாளிகளுக்காக வீட்டில் செய்யத் தொடங்கிய சோப்பு அது. அவர் மருத்துவர். நீங்கள் "சொறி, படை தீரும்" என்று ஒரு வரி எழுதினாலே உங்கள் சோப்பு மருந்துக் கணக்கில் போய்விடும். அதற்கு வேறு உரிமம்.

முதலுக்குத் தேனி மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பற்றிக் கேளுங்கள். பெண்களுக்கு நகராட்சி எல்லைக்குள் 25 சதவீதம் மானியம், கிராம ஊராட்சியில் 35. போடிக்காரர் இடம் பார்க்கும்போதே இதை யோசிக்கலாம். தேங்காய் எண்ணெய் 2025-இல் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள் சோப்பின் விலையைக் கொஞ்சம் தாராளமாகவே வைப்பார்கள்.

விற்பனைக்கு மூணாறு போகும் கார்கள்தான் கண்ணில் படும். ஆனால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்பது தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரைதான். மூணாறு வழியில் கேரளத்தின் பூப்பாறையில் ஒரு கடைக்குப் பத்து சோப்பு அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய வியாபாரம், பதிவு கட்டாயம். அதனால் முதல் ஆண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, போடியிலும் தேனியிலும் மதுரையிலும் கடை பிடியுங்கள்.