கண் மஞ்சளானால் கல்லீரல்தானா?

நம்பிக்கை: மஞ்சள் காமாலை என்றால் கல்லீரல் கெட்டுவிட்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் இறங்கிவிடும்.

உண்மை: மஞ்சள் நிறம் பிலிருபினால் வருகிறது. அது, சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் சிதையும்போது உண்டாகும் கழிவு. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆயுள் முடியுமுன்பே அணுக்கள் கூட்டமாக உடைந்தால், நன்றாக இருக்கும் கல்லீரலும் அத்தனை பிலிருபினையும் உடனுக்குடன் வெளியேற்றத் திணறும். கண் மஞ்சளாகி, கூடவே முகமும் வெளுத்தால் முதலில் ரத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கீழாநெல்லிக்குப் பெயர் வந்த காரணம் புரிகிறது. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு வரும் ரத்தச் சிதைவும் பல நேரம் அப்படியே அடங்கும். எந்த இலையைக் கொடுத்திருந்தாலும் அதுதான் குணமாக்கியது என்று தோன்றும். ஆனால் ஹீமோகுளோபின் மளமளவென்று இறங்கும் ஒரு குழந்தைக்குப் பத்தியத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் ஆபத்து.

நம்பிக்கை: டாக்டர் எழுதிய மாத்திரையால் ரத்தம் உடையாது.

உண்மை: பெரும்பாலோருக்கு உடையாது, ஜி6பிடி குறைந்தவர்களுக்கு உடையலாம். மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின் சிலருக்கு மட்டும் ஏன் ரத்தச் சிதைவை உண்டாக்குகிறது என்று தேடிய சிகாகோ ஆய்வாளர்கள்தான் 1956இல் இந்தக் குறையைக் கண்டுபிடித்தார்கள். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். டாப்சோன் மாத்திரையும் இதைத் தூண்டும். துணிப்பெட்டியில் போடும் நாப்தலின் அந்துருண்டையும் தூண்டும். அந்துருண்டை போட்டு எடுத்துவைத்த துணியைப் பச்சிளம் குழந்தைக்குச் சுற்றாதீர்கள் என்று இதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். டாக்டரிடம் போகும்போது, கடந்த சில நாட்களில் விழுங்கிய எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று: சிதைவு நடக்கும் நாட்களிலேயே ஜி6பிடி பரிசோதித்தால் அளவு சரியாக இருப்பதாக வரலாம். பழைய அணுக்கள் உடைந்துபோய், நொதி அதிகமுள்ள இளம் அணுக்களே மிஞ்சியிருப்பதுதான் காரணம். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: எல்டிஹெச் கூடியிருந்தால் ரத்தம் உடைகிறது என்று அர்த்தம்.

உண்மை: எல்டிஹெச் என்ற நொதி உடலின் ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் உண்டு. தசை, இதயம், கல்லீரல் எதில் அடிபட்டாலும் கூடும். ரத்தம் எடுக்கும்போதோ, குழாயைக் குலுக்கிக் கொண்டுபோகும்போதோ அணுக்கள் உடைந்தாலும் கூடும். ஆகவே கூடவே மூன்றைப் பார்க்கிறார்கள்: நேரடியற்ற பிலிருபின் கூடியிருக்கிறதா? சிதறிய ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் ஹாப்டோகுளோபின் குறைந்திருக்கிறதா? ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்கள் பெருகியிருக்கின்றனவா? கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். வைட்டமின் பி12 குறைபாட்டில் எல்டிஹெச், பிலிருபின், ஹாப்டோகுளோபின் மூன்றும் சிதைவு போலவே காட்டும். அங்கே அணுக்கள் மஜ்ஜைக்குள்ளேயே அழிகின்றன, ரெட்டிகுலோசைட் மட்டும் ஏறாது.

நம்பிக்கை: கூம்ப்ஸ் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் சிதைவு இல்லை.

உண்மை: 1945இல் ராபின் கூம்ப்ஸ் குழுவினர் வெளியிட்ட அந்தப் பரிசோதனை, அணுவின் மேல் எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். மலேரியா, ஜி6பிடி குறைபாடு, செயற்கை இதய வால்வு, அரிவாள் அணு நோய் ஆகியவற்றில் அது பெரும்பாலும் நெகட்டிவாகவே வரும். அரிவாள் அணு எங்கோ ஆப்பிரிக்காவில் உள்ள நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இலேயே பதிவு செய்துவிட்டார்கள்.

நம்பிக்கை: ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை போதும்.

உண்மை: உடைந்த அணுவின் இரும்பை உடல் பெரும்பாலும் திரும்பப் பயன்படுத்திக்கொள்கிறது. தலசீமியா போன்ற நோய்களில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு விழுங்குவது கெடுதல். வேகமாக அணு உற்பத்தி நடக்கும் உடலுக்கு ஃபோலிக் அமிலம்தான் பல நேரம் தேவைப்படுகிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று. அணுக்கள் சீக்கிரம் உடைந்தால் அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரம் போதாது. ஹெச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சர்க்கரை அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வீட்டில் குத்திப் பார்க்கும் சர்க்கரை கூடுதலாகவும் மூன்று மாத அளவு மட்டும் நன்றாகவும் இருந்தால், அந்த முரண்பாட்டை டாக்டரிடம் சொல்லி, ரத்தச் சிதைவு இருக்கிறதா என்று கேளுங்கள்.