புல்லட் கம்பெனியின் வேகம்

கேள்வி: ஐஷர் மோட்டார்ஸ் பங்கு வைத்திருக்கிறேன். கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா ஆண்டுக்கொரு புது வடிவமைப்பு என்கிறது. நம்ம திருவொற்றியூரில் வளர்ந்த ராயல் என்ஃபீல்டு மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக வண்டி இறக்குகிறது? விற்றுவிடலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: மெதுவாக இருந்தது உண்மை. 1955-ல் இங்கே தொடங்கிய புல்லட், அரை நூற்றாண்டாக ஏறக்குறைய அதே வார்ப்பிரும்பு என்ஜினோடு ஓடியது. 1994-ல் கம்பெனி ஐஷர் கைக்கு வந்த பிறகும் நஷ்டம்தான்; மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. 2009-ல் வந்த கிளாசிக்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது.

இப்போது அந்தக் குறையைச் சொல்ல முடியாது. 2018-ல் 650 சிசி இரட்டையர், 2020-ல் மீட்டியோர், 2022-ல் ஹண்டர், 2023-ல் ஹிமாலயன் 450. அதே 2023 ஜூலையில் போட்டி வண்டிகளான ட்ரையம்ஃப் ஸ்பீட் 400-உம் ஹார்லி எக்ஸ்440-உம் ஒரே வாரத்தில் களமிறங்கியபோது முதலீட்டாளர்கள் பதறினார்கள். ஆனால் 2024-25-ல் ராயல் என்ஃபீல்டு 10 லட்சம் வண்டிகளைத் தாண்டி விற்றது.

சிப்புக்குப் பழைய மாடல் சுமை. புல்லட்டுக்கோ பழமையே விலை. ஆகவே புது மாடல்களை எண்ணுவது சரியான அளவுகோல் அல்ல. என் கவலை வேறு: விற்பனையில் பெரும்பங்கு இன்னும் 350 சிசியை நம்பியே இருக்கிறது. 2024 நவம்பரில் மிலானில் காட்டிய மின்சார வண்டி ஃப்ளையிங் ஃப்ளீ சந்தையில் எப்படி விற்கிறது என்பதையும், ஆண்டறிக்கையில் ஆராய்ச்சிச் செலவு கூடுகிறதா என்பதையும் பாருங்கள். இவை இரண்டும் சரிந்தால் விற்பதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை அவசரம் வேண்டாம்.