கல்லைச் சுமக்கும் ஆறு

சீனாவின் தென்பகுதியில், குவாங்சி நிலப்பகுதியில் குய்லின் நகரம் அமைந்துள்ளது. அந்நகரை ஒட்டிப் பாயும் லீ ஆற்றின் இருமருங்கிலும், சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்த கற்குன்றுகள் நிரைநிரையாக நிற்கின்றன. அந்நாட்டின் 20 யுவான் பணத்தாளில் அச்சிடப்பட்டிருப்பது இவ்வாற்றின் காட்சியே. குன்றுகளைக் கண்டு வியப்போர் பலர். அவற்றின் இடையில் ஒருகாலத்தில் இருந்த கல் எங்கே போயிற்று என வினவுவோர் சிலரே. அக்கல்லின் பெரும்பகுதி நீரில் கரைந்து கடலை அடைந்தது. தெளிந்து ஓடும் நீரில், கண்ணுக்குப் புலப்படாமல் அது இன்றும் சென்றுகொண்டிருக்கிறது.

இங்குள்ள பாறை சுண்ணாம்புக்கல். பண்டைக் கடல்களில் வாழ்ந்த உயிரிகளின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதால் உருவான இப்பாறை, பெருமளவு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. நீர் அரித்துக் குகைகளும் பிலங்களும் தோன்றிய இத்தகைய நிலத்தைக் ‘கார்ஸ்ட்’ என்பர். சுலோவேனியாவும் இத்தாலியும் சந்திக்கும் எல்லையில் உள்ள ஒரு மேட்டுநிலத்தின் பெயரே உலகெங்கும் வழங்கும் பொதுப்பெயராயிற்று.

மழைநீர் கல்லைக் கரைக்கும் ஆற்றலை வானில் பெறுவது குறைவே. காற்றில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு ஏறத்தாழ 0.04 விழுக்காடுதான். மண்ணுக்குள்ளோ வேர்களும் நுண்ணுயிரிகளும் இடையறாது மூச்சுவிடுகின்றன. அங்கு அவ்வளிமத்தின் செறிவு காற்றில் உள்ளதைப் போலப் பன்மடங்கு உயர்கிறது. மண்ணின் வழியே இறங்கும் நீர் அதனை ஏற்றுக் கார்பானிக் அமிலமாகிப் பாறையைத் தொடுகிறது. பாறை கரைந்து கால்சியமாகவும் பைகார்பனேட்டாகவும் பிரிகிறது. ஒவ்வொரு முறையும் தோன்றும் இரண்டு பைகார்பனேட்டுகளில் ஒன்றின் கார்பன் மண்வளியிலிருந்து வந்தது. மற்றொன்றின் கார்பன் கல்லிலிருந்து வந்தது. இச்சரிபாதிக் கணக்கை மறவாதிருத்தல் வேண்டும்.

நிலத்தடிக் குகைகளில் ஓடிய நீர் ஊற்றாக வெளிப்படும்போது, அதில் மிகுதியாக இருந்த கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலந்துவிடுகிறது. குகைக்கூரையில் கல்விழுதுகள் தொங்குவதற்கும் இதே இழப்புதான் காரணம். வளிமத்தை இழந்த நீர், சுமந்துவந்த கல்லை இறக்கி வைக்கிறது. ஆற்றில் சேர்ந்தபின்னரும் மாற்றம் ஓய்வதில்லை. பகலில் நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கைக்காகக் கரைந்த கார்பனை உறிஞ்சுகின்றன; இரவில் அவற்றின் மூச்சால் அது மீண்டும் கூடுகிறது. ஆகவே, ஒரே இடத்தில் நண்பகலில் எடுத்த நீரும் நள்ளிரவில் எடுத்த நீரும் வேறுவேறு அளவைக் காட்டும். மழைக்காலத்தில் வெள்ளம் கரைசலை நீர்க்கச் செய்கிறது. ஆயினும் நீர் பெருகுவதால் ஆறு சுமக்கும் மொத்தக் கார்பன் கூடுகிறது. ஒருநாள் அளவீட்டைக் கொண்டு ஓராண்டைக் கணிப்பது பிழையாவது இதனால்தான்.

லீ ஆற்றின் நீர் குய் ஆற்றின் வழியாக வூசோ நகரருகே சீ ஆற்றை அடைந்து, முத்தாற்று முகத்துவாரத்தில் தென்சீனக் கடலில் கலக்கிறது. அங்குதான் வாதம் தொடங்குகிறது. கடலுயிரிகள் ஓடு கட்டும்போது இரண்டு பைகார்பனேட்டுகளில் ஒன்று ஓட்டில் சேர, மற்றொன்று கார்பன் டை ஆக்சைடாகத் திரும்பிவிடுகிறது. எனவே நெடுங்காலக் கணக்கில் வரவும் செலவும் சமம். சுண்ணாம்புக்கல் கரைவதால் காற்றிலிருந்து நிலையாகக் குறைவது ஏதுமில்லை என்பது நிலவியலாரின் பழைய முடிபு. குய்லினில் கார்ஸ்ட் ஆய்வை வளர்த்த யுவான் தாவோசியான் முதலியோர் இக்கரைதலின் வேகத்தைச் சுட்டிக்காட்டி, அதனைப் புவியின் கார்பன் சுழற்சியில் பொருட்படுத்த வேண்டும் என்றனர். நீர்த்தாவரங்கள் உயிர்ப்பொருளாக மாற்றிய கார்பனில் ஒருபகுதி வண்டலில் புதைகிறது. அது விரைவில் காற்றுக்குத் திரும்புவதில்லை. அப்பகுதி எவ்வளவு என்பதே இன்றைய வழக்கு. ஆற்றிலுள்ள பைகார்பனேட் முழுவதையும் சேமிப்பாக எழுதுவது, கடன்பெற்ற பணத்தை வருவாயாகக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

இக்கணக்கைக் குழப்பும் வேறொன்றும் உண்டு. நிலக்கரி எரிவதால் பெய்யும் அமிலமழையிலும், சுரங்கங்களில் வெளிப்படும் கந்தகத் தாதுக்களிலும் கந்தக அமிலம் தோன்றுகிறது. அதுவும் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. ஆனால், இவ்வழியில் காற்றிலிருந்து கார்பன் எடுக்கப்படுவதில்லை. கரைந்தது அனைத்தும் கல்லின் கார்பனே. கடலில் அது படியும்போது, பாறைக்குள் உறங்கிய கார்பன் புதிதாகக் காற்றில் சேர்கிறது. ஆற்றுநீரில் இருவகைப் பைகார்பனேட்டும் ஒன்றுபோலவே தோன்றும். கார்பனின் ஐசோடோப்புகளையும் சல்பேட் அளவையும் சேர்த்து ஆராய்ந்தே அவற்றின் பிறப்பிடத்தைப் பிரித்தறிகின்றனர்.

தென்மேற்குச் சீனாவில் காடழிந்த சரிவுகளில் மண் அடித்துச் செல்லப்பட்டு, வெறும் பாறை வெளித்தெரியும் நிலை பரவியது. இதனைக் கற்பாலை எனலாம். சுண்ணாம்புக்கல் கரையும்போது எஞ்சும் கசடு மிகச் சிறிது. ஆதலால் சில விரற்கடை மண் உருவாகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவை. அச்சரிவுகளில் இப்போது மரமும் புல்லும் நடப்படுகின்றன. வேர் இறங்கிய இடங்களில் மண் மீண்டும் மூச்சுவிடத் தொடங்குகிறது. அதனடியில் ஊறும் நீரில் பைகார்பனேட்டும் கூடுகிறது.